எரிந்துபோன மூன்று முழம்

இது நடந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

என் கண்ணை நம்பாதவர்கள் இருக்கலாம். என் மனைவியே நம்ப மாட்டாள். பெண் பார்க்கப் போன அன்று அவள் தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தவன் நான். அதனால் இன்னொரு சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். படக் கூடாரத்தில் மெஷின் ஓட்டுகிற சவுரியப்பன். பாதிரியாரிடம் தவிர வேறு யாரிடமும் பொய் சொல்லாத மனுஷன். அவனும் பார்த்தான். அவனோடு சேர்ந்து பாப்பாரப்பட்டிக்காரர்கள் நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள்.

நேரங்களை என் மாமனார் கொடுத்த சங்கிலிக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். அது மாமனாரைப் போலவே எதிலும் இரண்டு நிமிஷம் முந்தும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் என் தப்பில் தொடங்கியது. ஒரு பீடியில்.

1934, மாசி மாதம். பாப்பாரப்பட்டிச் சந்தை மைதானத்தின் ஓரத்தில் எங்கள் படக் கூடாரம் போட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் எங்களிடம் இருந்தவை ஊமைப் படங்கள். திரையில் வாய் அசையும், சத்தம் வராது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான். திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, கையில் கத்திப் பேசத் தகரக் குழல், காலடியில் ஒரு வெண்கலத் தாம்பாளம், ஒரு தடி. படத்தில் ஆள் பேசினால் நான் பேசுவேன். ஆள் விழுந்தால் தாம்பாளத்தில் ஒரு போடு போடுவேன். ஊர் ஊராக இப்படிக் கத்தியே என் தொண்டை கரடுமுரடாகிவிட்டது.

பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சிரிப்புப் படம் போடுவோம். பதினாலு நிமிஷம். ஒரு வெள்ளைக்காரன், அவன் பெண்சாதி, ஒரு வீடு. அவன் அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அது விழும், இல்லை அவன் விழுவான். எட்டுத் தரம் விழுவான். எட்டுத் தரமும் சுருள்கம்பி மாதிரி துள்ளி எழுந்து நிற்பான்.

எட்டாவது தரம்தான் பெரிய விழுகை. அவன் ஏணியில் ஏறி மேலே ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பான். பெண்சாதி கீழே ஏணியைப் பிடித்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கும். அவள் கையை விட்டுவிட்டு ஓடுவாள். அவன் அங்கிருந்து மல்லாக்க விழுவான். ஒரு நொடி அசையாமல் கிடப்பான். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். டபக்கென்று எழுந்துவிடுவான். கூடாரமே ஆடும்.

முதல் நாள் ஆட்டம் முடிந்து மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பிலிம் பக்கத்தில் நெருப்பே கூடாது என்று சவுரியப்பன் நூறு தரம் சொல்லியிருக்கிறான். நூற்றி ஒன்றாம் தரம் சொல்ல அவன் பக்கத்தில் இல்லை. என் வாயில் பீடி.

உஸ்ஸ்...

அவ்வளவுதான். வேட்டியில் சாம்பல் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். தீ மேலே பரவுமுன் கத்தரித்துப் போட்டேன். மூன்று முழம் போய்விட்டது. மிச்ச இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டி, சுற்றி, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் டப்பாவில் வைத்தேன்.

எரிந்தது எது என்று பிறகுதான் பார்த்தேன். எட்டாவது தரம் அவன் எழுந்திருக்கும் துண்டு. இனிமேல் அவன் ஏணியிலிருந்து விழுவான், கண் இமைப்பதற்குள் சமையலறையில் நிற்பான். நடுவில் எழுந்திருக்கவே மாட்டான்.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெண் கூடாரத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும்.

“அண்ணா, படத்துல பேசறவரு நீங்கதானுங்களா?”

“படத்துல யாரும் பேசறதில்லம்மா. பேச ஆரம்பிச்சா எனக்குச் சோறு போயிரும்.”

அவள் சிரிக்கவில்லை.

“நீங்க ஊர் ஊருக்கு அந்த ஆளுக்குப் பேரு மாத்தி வெப்பீங்களாமே.”

அது என் வழக்கம்தான். வெள்ளைக்காரன் பேரைச் சொன்னால் எவனுக்குச் சிரிப்பு வரும்? அதனால் அந்தந்த ஊரில் ஒரு ஆளைக் கேட்டு, அவர் பேரை வைத்துவிடுவேன். ‘நம்ம குள்ளன் ஏணியில ஏறாரு பாருங்க’ என்றால் ஊரே உருளும். கேட்காமல் வைத்து பென்னாகரத்தில் செருப்படி வாங்கியதிலிருந்து கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

“இன்னிக்கு எங்க வூட்டுக்காரரு பேரை வெய்ங்க. நஞ்சப்பன்.”

“அவரு ஒத்துக்கிட்டாராம்மா? அப்புறம் தடியோட வந்து நிக்கப் போறாரு.”

“வர மாட்டாருங்க. படுத்து இருபத்திரண்டு நாளாச்சு. கண்ணே தொறக்கல.”

முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் பேர் தீர்த்தம்மாள். வீடு சந்தை மைதானத்தை அடுத்த கேழ்வரகுக் கொல்லைக்கு அந்தப் பக்கம். கூரை மேய நஞ்சப்பன் ஏணியில் ஏறியிருக்கிறான்.

“ஏணியை நான்தானுங்க புடிச்சிருந்தேன். உள்ள பால் பொங்குற வாசனை வந்துச்சு. ஒரு நிமிசம்னு கையை வுட்டுட்டு ஓடினேன்.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“நேத்து படத்துல அந்தம்மாளும் அதேதான் பண்ணுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எந்திரிச்சு ஓடிரலாம்னு இருந்துச்சு. அப்பத்தான் அந்த ஆளு எந்திரிச்சாரு... தருமபுரி டாக்டரு கையை விரிச்சுட்டாருங்க. மந்திரிச்சும் பாத்தாச்சு. இத்தனை பேரு முன்னால, அவரு பேரைச் சொல்லி, எந்திரின்னு ஒருக்கா கூப்புடுங்கண்ணா. உங்க கொரலு எங்க வூடு வரைக்கும் கேக்குது. எந்திரிப்பாருல்ல?”

என் வேட்டியில் காலையில் ஒட்டிய சாம்பல் அப்படியே இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘அம்மா, அந்தத் துண்டை நான் எரித்துவிட்டேன்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் யாராவது கண் கலங்கினால் எனக்கு முதுகெலும்பு கரைந்துவிடும். பிறவிக் கோளாறு.

“கட்டாயம் எந்திரிப்பாரும்மா” என்றேன்.

மாலை ஆறு மணிக்கு சவுரியப்பனிடம் எல்லாவற்றையும் கக்கினேன். அவன் என்னையே பார்த்தான்.

“எரிச்சது அந்தத் துண்டையா?”

“ஆமாண்டா.”

“எரும. வேற படம் போட்டுறலாம்.”

“வாக்குக் குடுத்துட்டேன்.”

“எந்திரிக்கற துண்டே இல்லாம எப்படிடா எந்திரிப்பான்?”

“விழுந்ததும் நான் கத்தறேன். நீ மெதுவா சுத்து. கூட்டம் கத்துற கத்துல ஒட்டு தெரியாது.”

அவன் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான்.

ஏழு மணிக்கு விளக்கை ஏற்றினோம். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் தீர்த்தம்மாள் மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த தோள்துண்டு ஒன்று. நஞ்சப்பனுடையதாக இருக்கும்.

கடகட... கடகட... மெஷின் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் திரையில் வந்தான்.

“இவருதாங்க நம்மூரு நஞ்சப்பன்!” என்றேன் குழலில்.

கூடாரம் அடங்கிப்போயிற்று. பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல்.

“யோவ்! அந்தப் பேரு வேணாம்யா!”

நான் நிறுத்தவில்லை. தீர்த்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7:02. முதல் விழுகை. வாளியில் கால் மாட்டி விழுவான். தடியை ஓங்கினேன். தாம்பாளத்தில் படுமுன்பே சத்தம் வந்தது.

தொப்.

வெண்கலச் சத்தம் இல்லை. சாணி மெழுகின மண் தரையில் ஆள் விழுகிற சத்தம். கூட்டத்தில் யாராவது விழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

7:03. இரண்டாவது விழுகை. தடியை வேண்டுமென்றே ஓங்கவில்லை.

தொப்.

சத்தம் திரைப் பக்கமிருந்து வந்தது. திரைக்குப் பின்னால் வெட்டவெளி. அதற்கும் பின்னால் கேழ்வரகுக் கொல்லை.

மூன்றாவது விழுகைக்கு ஒரு குழந்தை சிரித்தது. நாலாவதுக்கு அதன் அப்பன் சிரித்தான். ஐந்தாவதுக்கு மொத்தக் கூட்டமும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த வெள்ளைக்காரன் விழுந்தால் கல்லுக்கும் சிரிப்பு வரும். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

7:08. ஏணி.

அப்போதுதான் அந்த வாசனை. பால் தீய்ந்த வாசனை. சுற்றிப் பார்த்தேன். கூடாரத்தில் அடுப்பு கிடையாது. காற்றும் இல்லை. தீர்த்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

7:09. வெள்ளைக்காரி கையை விட்டாள். ஓடினாள்.

அவன் விழுந்தான்.

தொப்.

ஒட்டு வரவேண்டிய இடம். படம் சமையலறைக்குத் தாவ வேண்டும்.

தாவவில்லை.

அவன் கிடந்தான். கையை விரித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு... கிடந்தான்.

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் எண்ணினேன். ஐந்து. பத்து. பதினைந்து. இந்தப் படத்தை நூறு தரத்துக்கு மேல் பார்த்தவன் நான். அவன் கிடப்பது ஒரே ஒரு நொடி. இவ்வளவு நீளத்துக்கு அதில் பிலிமே கிடையாது.

சிரிப்பு குறைந்தது. ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடகட சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சவுரியப்பனின் இரண்டு கையும் நெஞ்சில் இருந்தன. கைப்பிடி நின்றுபோயிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றாமல் நின்ற பிலிமில் அந்த விளக்குச் சூடு பட்டால் மூன்று நொடியில் பற்றிக்கொள்ளும்.

பற்றவில்லை.

படம் நின்றுவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நிற்கவில்லை. ஓரத்தில் கதவு வழியாக அடுப்பு தெரிந்தது. பால் வழிந்துகொண்டிருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் மட்டும் அசையவில்லை.

தீர்த்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “கூப்புடுங்கண்ணா” என்றாள். குரல் வரவில்லை. உதடு மட்டும்.

குழலை எடுத்தேன்.

“நஞ்சப்பா! எந்திரி!”

ஒன்றும் இல்லை.

“நஞ்சப்பா! எந்திரிப்பா!”

பால் வழிந்துகொண்டே இருந்தது...

எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தினேன். குழல் இல்லாமலே அது கொல்லைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

“எந்திரிடா நஞ்சப்பா! உம் பொண்டாட்டி நிக்கறாடா!”

அவன் எழவில்லை.

அவன்... இல்லை.

கண் மூடவில்லை நான். சத்தியமாக மூடவில்லை. கிடந்தான். பிறகு தரை மட்டும் கிடந்தது. பக்கத்தில் ஏணி.

7:12.

கடகட... கடகட... மெஷின் மறுபடி சுற்றியது. சமையலறை வந்தது. வெள்ளைக்காரி நின்றாள்.

அவள் மட்டும்.

தட்டு அலமாரி சாய்ந்தது. அவன் இடித்துத்தான் அது சாயும். அவன் இல்லை. தட்டுகள் ஒவ்வொன்றாகத் தானாகவே விழுந்தன. மாவு மூட்டை தானாகவே கிழிந்தது. நாற்காலி தானாகவே கவிழ்ந்தது.

வெள்ளைக்காரி காலி இடத்தைப் பார்த்துத் திட்டினாள். காலி இடத்தின் மேல் கரண்டியை வீசினாள். கரண்டி எதிலும் படாமல் போய் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

நானும் பேசவில்லை.

7:18. திரை வெள்ளையானது. தீர்த்தம்மாள் இருந்த இடத்தில் அந்தத் தோள்துண்டு மட்டும் கிடந்தது.

பெரிய படத்துக்கு யாரும் இருக்கவில்லை. டிக்கெட்டு வாங்கினவர்கள் ஒருவர்கூடச் சண்டை போடாமல் எழுந்து போனது எங்கள் கூடாரத்தில் அன்று ஒரு நாள்தான்.

விடிந்ததும் நானும் சவுரியப்பனும் அந்த ரீலை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். நான் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் அவன் இருந்தான். விழுந்தான். ஒட்டுக்குப் பிறகு... ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தோம். நாற்காலி இருந்தது. தட்டு இருந்தது. வெள்ளைக்காரி இருந்தாள். அவன் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“நின்ன கைப்பிடி தானா சுத்திச்சுடா. தொட்டதும் என் கையை இழுத்துட்டுப் போச்சு” என்றான் சவுரியப்பன். அந்த மெஷினைப் பற்றி அவன் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். ரீலை வண்டிப் பாதையில் வைத்து அவனே பற்றவைத்தான். அதனால் உங்களிடம் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலாளி அன்றே கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். வண்டி கட்டுவதற்குள் நான் டீக்கடைக்கு ஓடினேன்.

“நஞ்சப்பன் எந்திரிச்சாரா?”

கடைக்காரர் டீயை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“உங்க வண்டி கெளம்புது பாருங்க” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நான் கேட்காத ஆள் இல்லை. பாப்பாரப்பட்டிக்காரர் யாரைப் பார்த்தாலும் கேட்பேன். ‘இருக்காரு’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் எதுக்குங்க இப்ப’ என்பார் இன்னொருவர். மாதம்மாள் என்று ஒரு புளி வியாபாரி, வாய் ஓயாமல் பேசுகிற பொம்பளை. நஞ்சப்பன் என்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான், அது மட்டும் தெரிந்தது. என் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. இன்னும் பாதி ஏன் இறங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இதற்கிடையில் படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. என் வாய்க்கு வேலை போயிற்று. பாலக்கோடு பஸ்ஸில் கண்டக்டர் ஆனேன். கத்துகிற வேலைதானே.

1943, சித்திரை. யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடின. ஓடின என்பது மரியாதைக்குச் சொல்வது. பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு மைல் போனதும் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் மாதேஸ்வரன் இறங்கி, வண்டிக்குப் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளற ஆரம்பித்தார். பகல் பதினொன்று இருபது. சுட்டெரிக்கிற வெயில்.

“எல்லாரும் எறங்கிக் காத்தாட நில்லுங்க! இருபது நிமிசம் ஆவும்!” என்று கத்தினேன்.

ரோட்டோரம் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ஒருத்தி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“அண்ணா... படத்துல பேசனவரு நீங்கதானுங்களா?”

தீர்த்தம்மாள். தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்திரண்டு வயசில்.

எனக்குச் சந்தோஷம் பொங்கிற்று. “ஏம்மா, நல்லா இருக்கியா? உங்க வூட்டுக்காரரு எந்திரிச்சாராமே! கூட வந்திருக்காரா?”

அவள் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள்.

ஒரு ஆள் இரண்டு பித்தளைக் குடத்தைத் தோளுக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு வந்தான். ஈயம் பூசப் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் போலிருக்கிறது. நல்ல உடம்பு. வேட்டி, தலைப்பாகை. இந்தப் பக்கத்து முகம்தான்.

கல் தடுக்கியது. விழுந்தான்.

குடம் இரண்டும் ஜல்லிக் கல்லில் மோதித் துள்ளி உருண்டன.

சத்தமே இல்லை.

பித்தளைக் குடம். ஜல்லிக் கல். பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன். மாதேஸ்வரன் அடுப்பைக் கிளறுவது கேட்கிறது. காக்காய் கத்துவது கேட்கிறது.

குடம் உருள்வது கேட்கவில்லை.

அவன் எழுந்துவிட்டான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். என்னைப் பார்த்து வாயை அசைத்தான். நீளமாக என்னவோ பேசினான். குரல் வரவில்லை.

பஸ் படியண்டை போனதும் நின்றான். அந்தப் பஸ்ஸுக்குக் கதவு கிடையாது. பக்கத்துத் தகரத்தை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினான்... யாராவது வரச்சொல்லட்டும் என்று காத்து நின்றான்.

“வூட்டுக்குள்ள வர்றதுக்கும் இப்படித்தான் தட்டுவாரு” என்றாள் தீர்த்தம்மாள். “நான் வாங்கன்னாத்தான் வருவாரு.”

ஒன்பது வருஷமாக எல்லாரிடமும் கேட்டதைக் கேட்கப் பயமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

“ஏம்மா... அது நஞ்சப்பன்தானா?”

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இல்லீங்கண்ணா. நான் கூடாரத்துல இருந்தப்ப எங்க நாத்தனாதான் அவரு பக்கத்துல உக்காந்திருந்தா. சிரிப்புச் சத்தம் நின்னுச்சாம், மூச்சும் நின்னுருச்சாம். நீங்க மொதல்ல கூப்புட்டப்பவே அவரு செத்துட்டாரு. ரெண்டாந்தரம் கூப்புட்டப்ப அவ கண்ணை மூடிவுட்டுட்டா. மூணாந்தரமும் கூப்புட்டீங்களே, அதுக்குத்தான் இது எந்திரிச்சுது.”